பேச்சி கேமராவில் சொன்னது

மகேஷ்குமாரைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் முதல் நாளே கும்பிடு போட்டு விலகியிருப்பேன். சாலைக் கடைத்தெருவில் அவன் அப்பாவுக்கு ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. அந்தக் கல்லாவில் உட்காரமாட்டேன், என் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று கிளம்பியவன், கரமனையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துப் பேய்க்கதைச் சேனல் நடத்தினான். அவன் படம் பிடிப்பான், நான் குரல் கொடுப்பேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இந்த அஞ்சுவின் குரலை எவனாவது சினிமாக்காரன் கேட்டுக் கூப்பிடமாட்டானா என்றுதான் கண்ட கண்ட பேய்க்கெல்லாம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் போனக்காட்டுத் தேயிலை மலையில் படம் பிடிக்கப் போய்த் திரும்பிய கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு காலில் செருப்பைக் காணோம். கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் வடிந்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"அஞ்சு, இதுவரைக்கும் நாம போட்டதெல்லாம் புளுகு. இது அப்படியல்ல, கேட்டியா? பட்டப்பகல். பாழடைஞ்ச பங்களாவுக்குப் பின்னாடி நிக்கேன், மஞ்சு புகை மாதிரி வந்து மலையை மூடிட்டு. மேட்டிலேருந்து ஒண்ணு இறங்கி வருது. தலையே இல்ல. தலை இருக்கவேண்டிய இடத்தில வெள்ளையா ஒரு கூம்பு. முதுகில இம்புட்டுப் பெரிய கூனு. என்னைப் பாத்து நின்னு கையைத் தூக்கிச்சு. நான் ஓடிட்டேன். ஆனா கேமரா ஓஃப் ஆகல்ல, சத்தியமாட்டும்!"

படத்தைப் பார்த்தேன். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். அந்த மலையில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் கதையை அவன் கட்டினான். நான் அதற்குப் பெருமூச்சு விட்டேன். ஈ காக்கை எட்டிப் பார்க்காத சேனலில் ஜனம் வந்து குவிந்தது. டீக்கடையில் அவனோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். அதன்பிறகு அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் ஒரு பெண் படியேறி வந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தலையைப் படிய வாரி, மடிப்புக் கலையாத நூல்சேலை கட்டியிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை.

"பேய்ப்படம் எடுக்குற தம்பி இங்கனதானா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா. நீங்க ஆரு?" என்றேன்.

"நாந்தான் அந்தப் பேயி" என்றாள்.

சிரிப்பதா, நாற்காலி போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மகேஷ் வந்தான். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் பெயர் பேச்சி, கொழுந்து பறிக்கிறவள், அந்தப் பங்களாவுக்குப் பின்னால் தொழிலாளர்கள் இருக்கும் லயத்து வரிசையில் கடைசி வீடு அவளுடையது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கு மழைக்குக் கொங்காணி போட்டிருந்தேன் தம்பி. உரச்சாக்கை ஒரு மூலையில மடிச்சுத் தலையில கவுத்திக்கிடுறது. முதுகுல இருந்தது கொழுந்து மூட்டை. நீ நின்ன எடத்துக்கு அடுத்தாப்புல பள்ளம். விழுந்திரப் போறியேன்னுதான் கையைக் காட்டினேன். நீ என்னடான்னா ஓடுதே. சரி, ஊருக்குப் புதுசு, உனக்கு என்ன தெரியும்? ஆனா படம் வந்தப்பெறகு ஞாயித்துக்கிழமையானா பயலுவ பைக்குல வாரானுவ. பேயி வெளிய வருதான்னு பாக்க என் கூரையில கல்லெறியுறானுவ. பக்கத்து வீட்டு ஆளுவ எல்லாம் காலி பண்ணிட்டுக் கீழ போயிட்டாக. எனக்குப் போக எடமில்ல. அதுகூடக் கெடக்கட்டும். என் மக அஜிதாவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவம். நான்தானே கூட்டிட்டு வரணும்? சம்பந்தியம்மா, 'கல்லு விழுற வீட்டுக்கு எப்படி அனுப்ப?'ன்னு கேக்காக. அவுக கேக்கதும் நாயந்தானே. ஒரே மக தம்பி. அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, பத்தியம் பொங்கிப் போட நான் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிரக்கூடாது. நான் மனுஷிதான்னு ஒரு படம் போட்டுரு. நீ உண்டாக்கினதுதானே? நீதான் இல்லாம ஆக்கணும்."

மகேஷ் தலைகுனிந்து நின்றான். அவன் வெட்கப்பட்டது நடிப்பில்லை, எனக்குத் தெரியும். அவனே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றான். டீயை ஊதிக்கொண்டே பேச்சி, "அந்தப் படத்துல மூச்சு வுடுறது யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். "இழுப்புக்காரி மாதிரில்லா இருக்கு. சுக்கு தட்டிப் போட்டுக் குடி பிள்ளே" என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கேமரா முன்னால் அவள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் எழுந்து தனக்கு இடம் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னாள். "யாரும் பயப்படல. தள்ளி உக்காரல" என்றபோது கண் கலங்கியது. கடைசியில் துணிப்பையிலிருந்து சாக்கை எடுத்து மடித்தாள், தலையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள், பிறகு அதைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "இம்புட்டுத்தான்" என்றாள். மைக்கின் பின்னால் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை படம் வந்துவிடும் என்று மகேஷ் வாக்குக் கொடுத்தான். அப்படியானால் போகிற வழியில் மலையடிவாரத்து விதுராவில் சம்பந்தி வீட்டில் விஷயத்தைச் சொல்லி, அஜிதாவைக் கையோடு கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் பேச்சி பஸ் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை அவன் தனியாக உட்கார்ந்து படத்தை வெட்டிப் போட்டுவிட்டான். நான் பார்த்தது சனிக்கிழமை. 'அது எங்கள் ஸ்டூடியோவுக்கே வந்தது' என்று தலைப்பு. பேச்சியின் பேச்சு ஒன்றுகூட இல்லை. இருட்டாக்கிய அறையில் அந்தச் சாக்கு மெல்ல மெல்ல நிமிர்கிறது. அவள் அதைக் கழற்றப் போகும் இடத்தில் படம் முடிந்துவிட்டது. அடியில் என் பழைய பெருமூச்சு.

மாடிக்கு ஓடி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவனைத் திட்டினேன். அவன் கோபப்படவில்லை.

"இது ஒண்ணாம் பாகம், அஞ்சு. அடுத்த வெள்ளி அம்மா சாக்கை எடுத்திட்டுச் சிரிக்கும். முதல்ல பயந்தாத்தான் ஜனம் அப்புறம் உள்ளதைக் கேக்கும். பத்துப் பேர் பாக்குற சத்தியம் அம்மாவுக்கு எதுக்கு? லட்சம் பேர் பாக்கவேண்டாமா?"

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்கமுடியாதது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை மகேஷ்" என்றேன்.

"ஒரு ஞாயிறுதானே" என்றான்.

பேச்சியின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். விதுரா தாண்டியதும் மலைப்பாதை முழுக்கப் பைக்குகள், ஹாரன், கூச்சல். எதிரே ஒரு ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தது. பஸ் ஒதுங்கி நின்றபோது ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது. ஒரு பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சி உட்கார்ந்திருந்தாள். நான் இறங்கி, கிடைத்த ஆட்டோவில் பின்னாலேயே வந்தேன்.

கல் விழுந்து கூரைத் தகடு உடைந்திருக்கிறது. பதறி எழுந்து வெளியே ஓடிய அஜிதா படியில் விழுந்திருக்கிறாள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த பேச்சி என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அஜிதாவின் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுதான் பிள்ளே வெளங்கல. முன்ன எறிஞ்சானுவ, பேயின்னு நெனச்சு எறிஞ்சானுவ. இப்ப நான் அம்புட்டும் சொன்னேன்லா? என் மக வயித்துப்பிள்ளைக்காரின்னும் சொன்னேனே. அதைக் கேட்டப்பெறகும் எப்படிப் பிள்ளே கல்லை எடுக்கக் கை வந்துச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன்.

"அவங்க கேக்கல்லம்மா. நீங்க சொன்னது எதுவும் வரல்ல. சாக்கு போட்டுக்கிட்டதை மட்டும் அவன் போட்டிருக்கான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அப்போ அந்தப் பயலுவளுக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதும்மா."

அவள் முகத்தில் ஏதோ இளகியது. அது ஆறுதல். சுவரைப் பிடித்து எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். அஜிதா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். பேச்சி அவள் காதருகே குனிந்து சொன்னாள்.

"நம்மள எறியல பிள்ளே, பேயத்தான் எறிஞ்சானுவ. அவனுவ நம்மள எறியவே இல்ல."

அஜிதா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.