ஆறு மணிக்கு வரும் அப்பா

ஆடி மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, வெள்ளைக்கரட்டூர் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் அத்தனை பேர் வீட்டுக்கும் ஒரே ஆள் வந்தார். உயரமான ஆள். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, கறுப்பு ஷூ. வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பிள்ளையை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி இல்லாத வீட்டில் நெல் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அன்று ராசிபுரத்தில் தக்காளி கிலோ எண்பது ரூபாய் விற்றது. ஊரில் இரண்டும் பேச்சாக இருந்தன.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஜெயப்பிரியா தன் வீட்டு வாசலிலும் அந்த ஷூவைப் பார்த்தாள். உள்ளே, அதே வகுப்பில் படிக்கும் மகள் நித்யஸ்ரீ தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே அவர். ஜெயப்பிரியாவுக்கு ஆளை உடனே தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் கரும்பலகையில் அவரை எழுதிப் போட்டது அவள்தான்.

இங்கிலீஷ் கட்டுரை என்றால் அந்தப் பள்ளியில் ஒரே வழிதான். டீச்சர் கைடைப் பார்த்துப் பலகையில் எழுதுவார். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், மனப்பாடம் செய்வார்கள், ஒப்பிப்பார்கள். ஜெயப்பிரியா படித்ததும் அப்படித்தான், அவளுடைய டீச்சர் படித்ததும் அப்படித்தான். பலகையில் இல்லாத ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை அந்தப் பள்ளியில் யாரும் எழுதியதில்லை. அன்றைய கட்டுரை ‘என் அப்பா’. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: என் அப்பா உயரமானவர். அவர் ஓர் அதிகாரி. வெள்ளைச் சட்டையும் கறுப்பு ஷூவும் அணிவார், கண்ணாடி போடுவார். ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார். என்னிடம் மிகவும் அன்பாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை மாலை என்னைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். அந்த வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரிலும் ராஜஸ்தானிலும் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் லாரியிலும் காட்டிலும் இருந்தார்கள். ஷூ போட்டவர் யாரும் இல்லை. பிள்ளைகள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பலகையில் இருந்தது, எழுதினார்கள்.

செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. யார் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. கட்டுரையில் அவருக்குப் பேச்சு இல்லை. தொட்டால் கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியது. இருட்டியதும் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியர் அர்த்தநாரி, தன் பேரன் வீட்டிலும் அவரைப் பார்த்தவர், ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“கைடுல இருந்ததத்தானுங்களே எழுதிப் போட்டீங்க?”

“ஆமாங்க சார்.”

“அப்ப நம்ம மேல தப்பில்லீங்க. உட்ருங்க.”

வியாழக்கிழமை ஜெயப்பிரியா கைடைத் திரும்பப் படித்தாள். கடைசி வாக்கியத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். வெள்ளைக்கரட்டூரில் பூங்கா கிடையாது. நடந்து போகிற தூரத்தில் எந்த ஊரிலும் கிடையாது. மேற்கே வறண்ட ஏரி, அதைத் தாண்டினால் கரடு, வெறும் பாறைக் குன்று. ஞாயிற்றுக்கிழமை அவர் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவார்? அதைவிட மோசம், கட்டுரை அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எல்லா நோட்டுகளையும் வாங்கி வந்து அடுப்பில் போட்டு எரித்தாள். ஆறு மணிக்கு அவர் வந்தார். சட்டையில் லேசாகப் புகை வாசம் அடித்தது.

வெள்ளிக்கிழமை சின்னுசாமி சத்தீஸ்கரிலிருந்து விடுப்பில் வந்தான். ரிக் டிரைவர், கோகுல்ராஜின் அப்பா. தன் நாற்காலியில் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டதில் தெருவே கூடியது.

“யாரு இவன்? எந்திரிடா மேல!”

“ஏன் கத்தறீங்க?” என்றாள் அவன் பெண்டாட்டி கந்தம்மாள். “ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாரவரு சும்மா இருங்க. இவரு தெனம் நேரத்துக்கு வாராரு. குடிக்கறதில்ல, சோத்துல உப்பில்லன்னு சொல்றதில்ல.”

தெரு சிரித்தது. கோகுல்ராஜ் மட்டும் அழுதான். அழுதபடியே சிலேட்டை எடுத்துத் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு வரி கிறுக்கினான்: என் அப்பா கறுப்பு, ரிக் ஓட்டும். எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்த வீட்டுக்கு மறுபடி வரவில்லை.

சனிக்கிழமை, சிலேட்டு விஷயத்தைக் கேள்விப்பட்ட ஜெயப்பிரியா வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தாள். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாத பலகைக்கு முன்னால் நிற்பது அவளுக்கும் பயமாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளையாகக் கிட்டே கூப்பிட்டு, உங்கப்பா எப்படி இருப்பார், என்ன செய்வார் என்று கேட்டாள். பிள்ளைகள் தமிழில் சொன்னார்கள். எந்தச் சொல் வேண்டுமோ அதை மட்டும் இங்கிலீஷில் கொடுத்தாள். என் அப்பா லாரியில் தூங்குவார். என் அப்பாவுக்கு ஒரு விரல் கிடையாது. என் அப்பா போனில் வருவார். என் அப்பா என் அம்மாவை அடிப்பார். அதற்கும் சொல் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் ஒருத்தர் பாக்கி எல்லாரும் எழுதி முடித்தார்கள்.

கடைசியாக நித்யஸ்ரீ வந்தாள்.

“செத்துப் போயிட்டாருங்கறதுக்கு என்ன டீச்சர்?” பள்ளியில் அம்மாவை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் அப்பா ஆனந்தகுமார் போனபோது நித்யஸ்ரீக்கு ஒரு வயசு. குள்ளமான ஆள், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். ஜெயப்பிரியாவுக்கு அந்த இங்கிலீஷ் சொல் தெரியும். அது இரண்டாம் வகுப்புச் சொல். வாயில் வரவில்லை. “ஊட்டுல போயிச் சொல்றேன் சாமி” என்று சொல்லி வகுப்புக் கதவைப் பூட்டினாள்.

அன்று ஆறு மணிக்கு அவர் ஒரு வீட்டுக்குத்தான் வந்தார். முன்பெல்லாம் பல வீடுகளுக்குப் பங்காகி இருந்தவர், இப்போது ஒரே வீட்டில் முழுசாக இருந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. சுவரில் நிழல் விழுந்தது. முந்தின நாள் வரை அவருக்கு நிழல் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜெயப்பிரியா அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். பென்சிலைச் சீவி மகள் கையில் கொடுத்து, எழுது என்றாள். நித்யஸ்ரீ பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எல்லாருக்கும் அவங்கவங்க அப்பா இருக்காங்க. அதனால எழுதி அனுப்பிச்சுட்டாங்க. எனக்கு இவருதான வந்தாரு.”

“இவரு உங்கப்பா இல்ல கண்ணு.”

“தெரியும்மா.”

ஜெயப்பிரியா கெஞ்சினாள், அடித்தாள், கட்டிக்கொண்டு அழுதாள். வாசல் கேட்டுக்குப் பூட்டுப் போட்டாள். மாலையானபோது பூட்டு கொண்டியில் தொங்கியபடி இருந்தது. அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். ஷூவைக் கழற்றவில்லை. கை நீட்டினார்.

அப்போதுதான் ஜெயப்பிரியாவுக்கு அது தோன்றியது. மகளின் முன்னால் மண்டியிட்டு, அவரை அனுப்ப வேண்டாம், வேறு எழுது என்றாள். எந்தக் கைடிலும் இல்லாத வாக்கியம். அவளே முதல் தடவையாகச் சொந்தமாக யோசித்தது. நித்யஸ்ரீ சிலேட்டில் எழுதினாள்: என் அம்மா எங்களோடு வருவாள். அடுத்ததைச் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தாள்: நாங்கள் வீட்டுக்கு. திரும்பி வருவோம் என்று முடிப்பதற்குள் அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை சிலேட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. ஜெயப்பிரியாவின் கால்கள் தாமாகவே எழுந்து பின்னால் போயின. செருப்புப் போட நேரமில்லை.

மூவரும் மேற்கே போவதைத் தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சின்னுசாமி பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான். டீச்சர் குடும்பத்தோடு வெளியே கிளம்பி எவ்வளவு நாளாச்சு என்று கந்தம்மாள் சொன்னாள். ஏரிக்கரையில் ஏறி மறுபுறம் இறங்கினார்கள். வறண்ட ஏரியில் வெடித்துக் கிடந்த மண்ணின் நடுவே, எங்கும் இல்லாத பச்சை ஒன்று தூரத்தில் கொஞ்சம் தெரிந்தது. ஜெயப்பிரியா மகளின் இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கரை மட்டும் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை ஒரே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நித்யஸ்ரீ அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

“அப்பா, நாம எப்பங்க ஊட்டுக்குத் திரும்பிப் போவோம்?”