பிஸ்கட்டின் விரதம்

…பாம்புக்கு விரதம் உண்டா இல்லையா என்று யாரைப் போய்க் கேட்பது, கோயில் ஐயரைக் கேட்டால் குணவதிக்கு மூளை கழன்றுவிட்டது என்று மல்வேர்ன் முழுக்கக் கதை பரவும், பக்கத்து வீட்டு அன்புராசா அண்ணையைக் கேட்டால்... ஐயோ, வேண்டாம். மகள் அட்சயா ஒட்டாவாவுக்கு வேலைப் பயிற்சிக்குப் போகும்போது சொன்னது ஒரே ஒரு வேலை, அம்மா, வெள்ளிக்கிழமை பிஸ்கட்டுக்கு ஒரு எலி குடுங்கோ, அவ்வளவுதான். பிஸ்கட் என்றால் பேஸ்மென்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற ஐந்தடிப் பாம்பு, புல் ஸ்நேக், காளைப்பாம்பாம், விஷமில்லையாம், பெயரைப் பார், பிஸ்கட்டாம்! இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் புழங்கியதில்லை, ஒரு முட்டைகூட உடைத்ததில்லை, அதில் எலியா? ஒருநாள் பொறுத்தால் செத்தா போகும் என்று விட்டுவிட்டாள். நேற்று இரவே மகள் போன் எடுத்து "அவன் சாப்பிட்டவனே?" என்று கேட்க, "ஓம் பிள்ளை, வடிவாச் சாப்பிட்டவன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, வெள்ளிக்கிழமையில் எலி கூடாது, பொய் மட்டும் கூடுமோ... சரி, விடிந்ததும் கொடுப்போம் என்று முழுகிவிட்டு வந்து கலண்டரைப் பார்த்தால் புரட்டாதிச் சனி. இன்றைக்கும் மச்சம் இல்லை.

ஞாயிறு கொடுத்துச் சமாளிக்கலாம் என்று இருந்தவளுக்குப் பத்து மணிக்கு மகளின் செய்தி, பயிற்சி முடிஞ்சுது, இண்டைக்கே வாறன், மூண்டு மணிக்கு வீட்டை நிப்பன். ஃப்ரீசரில் நாலு எலி வைத்துவிட்டுப் போனவள், நாலும் அப்படியே கிடந்தால் விடுவாளா? ஏற்கெனவே ரெக்ஸ்டேலில் சிநேகிதியோடு அப்பார்ட்மென்ட் எடுக்கப்போகிறேன் என்று நிற்கிறாள், ஒரு பாம்பை நம்பி விட்டுவிட்டுப் போகமுடியாத வீட்டில் பிறகு எதற்கு இருப்பாள், பெட்டியோடு கிளம்பிவிடுவாள், அவரும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த வீட்டில் குணவதி யாரோடு கதைப்பது, ஃப்ரிட்ஜோடா? முருகா, இது எனக்காக இல்லை, வாயில்லாச் சீவனுக்காக... ஒரு ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்தால் தோசை மா, அடுத்ததில் துருவிய தேங்காய், மூன்றாவதில்தான் எலி, வெள்ளை வெளேரென்று. இந்த டப்பாவை இனி எறியத்தான் வேண்டும், நல்ல டப்பா. சுடுதண்ணீரில் போட்டு இளகவைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இடுக்கியில் எலியோடு படியிறங்கினாள்.

மூடியைத் திறந்ததுதான் தாமதம், குக்கர் ஆவி கக்கியதுபோல ஒரு சீறல், போதாததற்கு வாலை மரத்தூளில் கிலுகிலுவென்று ஆட்டி, தானும் ஏதோ பெரிய விஷப்பாம்பு என்கிற எடுப்பு. "அம்மாளாச்சி!" என்று கத்திக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினாள். பெட்டியில் மகள் ஒட்டிவைத்த தாள் கண்ணுக்கு நேரே, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த கோணல் எழுத்து. அம்மா, அவன் சீறினால் கோபம் எண்டு நினைக்காதீங்கோ. பயம். அசையாமல் நில்லுங்கோ, தானாய் அடங்குவான். நின்றாள், அடங்கினான், எலியைக் கவ்வி ஒரே மூச்சாய் விழுங்கத் தொடங்கினான், பாவம், எவ்வளவு பசியோ, வெள்ளிக்கிழமை என்று அதற்கு யார் சொன்னது... பயமாம். ரெக்ஸ்டேல் என்று சொன்ன அன்று குணவதியும் என்ன பாடு படுத்தினாள், சட்டி மூடியை எறிந்து, பெத்து வளர்த்தது இதுக்கோ, போ, இப்பவே போ என்று... போகச் சொன்னது தானேதானா? அட்சயா அன்று சுவரோடு அசையாமல் நின்றாள், நெஞ்சழுத்தத்தைப் பார் என்று அதற்கும் ஏச்சு விழுந்தது. தாளை இன்னொரு முறை வாசித்தாள். பாம்பைப் பற்றித்தானே எழுதியிருக்கிறாள்?

மேலே கதவு திறக்கிற சத்தம். குணவதி இடுக்கியைப் போட்டுவிட்டுப் படியேறினாள், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், தனிய இருக்கப் பயமாயிருக்கு பிள்ளை, போகாதை, ஐந்தே சொல், சத்தம் போடாமல், மெதுவாக, மகள் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"மூண்டு மணி எண்டுபோட்டு ரெண்டு மணிக்கே வந்து நிக்கிறாய், நான் என்னத்தைச் சமைச்சு வைக்கிறது, சப்பாத்தைக் கழட்டு முதல்லை!"

அட்சயா தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை. வாசலிலேயே அசையாமல் நின்றாள்.