முப்பதாம் தேதிக்குள் நடக்க வேண்டும்

நாலு வருஷம் தினமும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பெங்களூருக்குப் போய்வந்த இரண்டு பேர், ஒருவர் போன் நம்பரை ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? சங்கமித்ராவும் தேவாவும் வாங்கிக்கொள்ளவில்லை. தினம் பார்க்கிற மனுஷருக்கு நம்பர் எதற்கு? கேட்டால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடுமோ என்று அவளுக்குக் கூச்சம். அவருக்கு அதைவிடக் கூச்சம். இருவருக்கும் வயது நாற்பதைத் தொடப்போகிறது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அவள் முதுகு ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தின நாள் தேவாதான் கூச்சத்தை விட்டார். அவர் ஒரு கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். ஹூப்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது, முப்பதாம் தேதி காலை ரயில்தான் தன் கடைசி ரயில் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றார்.

"ஆபரேஷன் ஆவட்டும். கால் இன்னா ஆவுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள் மித்ரா. நொண்டிக்கொண்டு ஒருவர் தலையில் பாரமாகப் போய் விழ அவளுக்கு மனமில்லை. நம்பர் வாங்கவில்லையே என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ரயிலில் கூட வருகிறவர்கள் யாரிடமாவது கேட்டால் மறுநாளே அது பெட்டி பெட்டியாகப் பரவிவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நரம்பை அழுத்திக்கொண்டிருந்த முதுகெலும்பு டிஸ்க்கை எடுத்துவிட்டு, நரம்பின் மேல் எதுவும் ஒட்டாமலிருக்க ஜெல் போல ஒன்றைத் தடவியிருப்பதாக டாக்டர் சொன்னார். மணிக்கொரு தரம் எழுந்து நட, காலை நீட்டி மடக்கு என்று காகிதத்திலும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அவளுக்காகக் காத்திருந்தது ஒரு பலகை.

அவள் அப்பா முனுசாமி இருபத்தாறு வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற டிம்பர் வேலை செய்தவர். கல் விழுந்து முதுகு போனவர்களை அந்த நாளில் பலகையில் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் மணல் மூட்டை கொடுத்து, நாற்பத்தைந்து நாள் அசையவிட மாட்டார்கள். அதில் இருபதாம் நாள் எழுந்து நின்ற கூட்டாளி ஒருவன் அப்புறம் நிற்கவே இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் முனுசாமி. மகள் வருவதற்குள் தலையணை உறைகளில் மணல் நிரப்பித் தைத்தே வைத்துவிட்டார்.

"நடக்கச் சொன்னாங்கப்பா."

"காயிதத்துல எய்துவான். முதுவு யாருது? எயுந்துக்காதே, சொல்லிட்டேன்."

சொன்னவர் கண்ணில் தண்ணீர். அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர். அவள் படுத்துவிட்டாள். அப்பாவுக்காக என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும் அது பாதிதான் உண்மை. எழுந்து பார்த்துக் கால் வராமல் போய்விட்டால்? படுத்திருக்கிறவரைக்கும் அது தெரியவேண்டியதில்லை.

ஆறு மணி ரயில் தினமும் ஊதிக்கொண்டு போனது. எதிர் சீட்டில் இப்போது யார் உட்கார்ந்திருப்பார்கள்? தேவா டிபன் டப்பாவைத் திறந்து யாரிடம் நீட்டுவார்? ஊதல் ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். அவ்வளவு ஏக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி மல்லாக்கப் படுத்திருந்தது பத்து நாள்.

தையல் பிரிக்கப் போன பதினைந்தாம் தேதி, பிசியோதெரபி பெண் ஜாய் அவள் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதி உயரத்திலேயே தொடையிலிருந்து குதிகால்வரை சுண்டி இழுத்தது.

"பத்து நாளா நடக்கலையா? இன்னாக்கா இது!" ஜாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "உள்ளாற ஆறும்போது தழும்பு வரத்தான் வரும். அது நரம்போட ஒட்டிக்கினா, எயுந்தாலும் வலி, உக்காந்தாலும் வலி. அதைப் பிரிக்க மறுபடி கீறணும். கீறினா மறுபடி தழும்பு. நரம்பு அசைஞ்சுகினே இருந்தா ஒட்டுறது கம்மி. இன்னிக்கே ஆரம்பிங்க. முழுசா சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

இவ்வளவையும் பக்கத்தில் நின்று கேட்ட முனுசாமி வீட்டுக்கு வந்ததும் மணல் மூட்டையைத்தான் தேடினார். அப்போது மித்ரா வாயைத் திறந்தாள்.

"அப்பா, ரயில்ல ஒருத்தர் என்னைக் கேட்டாரு. கட்டிக்கிறியான்னு. முப்பதாம் தேதி ஊரை உட்டுப் போறாரு. அதுக்குள்ள நான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தாவணும்."

 முனுசாமி இரண்டு மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே கொட்டினார். டாக்டர் சொல்லியும் ஜாய் கத்தியும் அசையாத மனிதர், பெயர்கூடத் தெரியாத ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்காக அசைந்தார்.

மறுநாளிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து நடந்தார்கள். அவருக்குச் சுரங்கத் தூசி அடைத்த நுரையீரல், அவளுக்கு இழுக்கிற கால். இருவருக்கும் ஒரே வேகம். முதல் நாள் தண்ணீர்க் குழாய் வரைக்கும். நாலாம் நாள் ரேஷன் கடை. பத்தாம் நாள் ரயில்வே கேட். வீட்டுக்கு வந்ததும் படுத்துக் காலை உயர்த்திப் பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டுவாள். முனுசாமி பக்கத்தில் உட்கார்ந்து, சுரங்கத்தில் ஆட்களை ஏற்றிய கூண்டான கேஜ் இறங்கும்போது மணியை எண்ணுகிறவர் போல, சத்தமாக எண்ணுவார்.

முப்பதாம் தேதி ஐந்து மணிக்கே கிளம்பினார்கள். பாதி வழியில் முனுசாமிக்கு மூச்சு வாங்கி ஒரு சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார வேண்டியிருந்தது. ஸ்டேஷனுக்குள் நுழையும்போது ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது. நிற்பது ஒரு நிமிஷம்தான். தேவாவின் பெட்டி பின்பக்கம். முனுசாமி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, "நீ போ, போ!" என்றார்.

ஓட வேண்டும் போல உடம்பெல்லாம் துடித்தது. ஓடக் கூடாது. ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். பாதி பிளாட்பாரம்கூடத் தாண்டவில்லை, ரயில் கிளம்பிவிட்டது. பெட்டிகள் அவளை நோக்கி வந்தன. கதவருகே சூட்கேசும் பையுமாகத் தேவா.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! தலையை வெளியே நீட்டி, நம்பரைக் கத்த ஆரம்பித்தார். ஆறு எண் அவள் காதில் விழுந்தது. அதற்குள் இன்ஜின் ஊதியது. வாய் மட்டும் அசைய, அவர் அவளைக் கடந்து வாசல் தூண் பக்கமாகப் போய்விட்டார்.

மித்ரா நின்ற இடத்திலேயே நின்றாள்.  அப்போது தூணருகிலிருந்து அப்பாவின் குரல்.

"அஞ்சு, ரெண்டு, ரெண்டு! கடைசி மூணு! எய்திக்கோ!"

ஆறும் மூன்றும் ஒன்பது. வேண்டியது பத்து. நடுவில் ஒரு எண்ணை ஊதல் தின்றுவிட்டது.

"போனா இன்னா, பத்து தபா போடு" என்றார் முனுசாமி, பக்கத்தில் வந்து. பிறகு என்ன நினைத்தாரோ, மூச்சு வாங்க வாங்கப் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

விட்டுப்போன இடத்தில் பூஜ்யம் வைத்துப் போட்டாள். உபயோகத்தில் இல்லை. ஒன்று: "யாரு மாத்தாடோது?" என்று, பேசுவது யாரெனக் கேட்டார் ஒரு கன்னடத்து அம்மா. இரண்டு, ஸ்விட்ச் ஆஃப். இதுதான் அவர் நம்பராக இருந்து சார்ஜ் தீர்ந்திருந்தால்?  மூன்றில் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் தெலுங்கில் திட்டினார். நான்கு, ஐந்து, யாரும் எடுக்கவில்லை. கால் இழுக்க ஆரம்பித்தது. எடையை மாற்றிப்போட்டு நின்றுகொண்டு ஆறை அழுத்தினாள்.

ரயில் தடதடக்கிற சத்தம் கேட்டது.

"மித்ராவா?" என்றார் தேவா. "கால் எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு மாதமும் அதைச் சொல்லத்தான் ஏங்கினாள்.

"இன்னும் இழுக்குதுங்க. போவுமா, இப்படியே நின்னுடுமான்னு தெரியல" என்றாள். "இருந்தாலும் கட்டிக்கிறேன்."