அக்காவின் கடைசி உடுப்பு

"மூணாவது பட்டன் எட்டவே எட்டாது" என்று வால்டரின் மனைவி எல்சி யூனிஃபார்மிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "வுட்ருங்க. வெள்ளப் பொடவ கீது, பூமுடி கீது. கல்யாணம் ஆவாதவங்கள அப்டித்தான அனுப்புவாங்க."

வால்டர் அக்காவின் தலைமாட்டைவிட்டு நகரவில்லை. ஃப்ளோரன்ஸ் அக்கா ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று ராயபுரத்துக்கே திரும்பியவர். நேற்று மத்தியானம் வஞ்சிரக் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. எழுபது தாண்டியவருக்கு இதைவிட நல்ல சாவு வேறென்ன வேண்டும்? வால்டருக்கு அதில் குறையில்லை. "யூனிஃபார்ம்லயே என்ன அனுப்புடா" என்று அக்கா கேட்டிருந்தார். அதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் அப்புறம் என்ன தம்பி.

"சண்டத் துணியோட சாமி முன்னாடி எப்டிங்க போவாங்க?" எல்சிக்குக் கோபமில்லை, நிஜமாகவே பயம். "ஆளக் கொல்ற எடத்துத் துணி அது."

"அக்கா யாரையும் கொல்லல. எல்லைல சண்ட நடந்தப்போ, புடிபட்ட எதிரிப் பையன் ஒருத்தன இட்டாந்தாங்களாம். வயித்துல குண்டு. நம்மாளு ஒருத்தருக்குக் கைல காயம். அக்கா அந்தப் பையனத்தான் மொதல்ல ஆபரேஷனுக்கு அனுப்பிச்சாம். பொம்பளைங்கள சண்டைக்கு இட்டாந்தா இப்டித்தான்னு ஒரு ஆபீசரு கத்துனாராம். 'கை காத்துகினு இருக்கும் சார், வயிறு இருக்காது'ன்னு சொல்லிச்சாம்."

"ரெண்டு பேரும் பொழச்சாங்களா?"

"பொழச்சாங்க. எங்கிட்ட அதச் சொல்லி சொல்லி சிரிக்கும்."

எல்சி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தையல் மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்தாள்.

"முதுகுப் பக்கம் கிழிச்சுட்டா முன்னாடி பட்டன் போட்றலாம். நீங்க வெளிய போங்க. பக்கத்து வூட்டு அடைக்கலமேரிய வரச் சொல்லுங்க."

வால்டர் திரும்பி வந்தபோது பட்டன் எல்லாம் பூட்டியிருந்தது. கிழித்த முதுகு பெட்டிப் பலகையில் உறுத்தாதபடி வெள்ளைப் புடவையை மடித்து அடியில் போட்டிருந்தாள் எல்சி. அப்போதுதான் வால்டருக்கு அழுகை வந்தது. அழுதது நிம்மதியாக இருந்தது.

பந்தலில் ஜெபமாலை தொடங்கியது. எல்சிதான் முன்னின்று சொன்னாள். அக்காவின் ஆன்மாவுக்காக ஜெபித்தார்கள், வீட்டில் இருப்பவர்களுக்காக ஜெபித்தார்கள். எல்லோரும் எழுந்திருக்கப் போகும் நேரத்தில் எல்சி கையைக் காட்டினாள்.

"அக்கா காப்பாத்துன அந்த எதிரிப் பையனுக்காகவும் ஒண்ணு சொல்லிக்கலாம்."

எல்சி "அருள்நிறைந்த மரியே வாழ்க" என்று எடுத்தாள். முழுத் தெருவும் சேர்ந்து அதைச் சொல்லி முடித்தது.