தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

எங்களுக்கும் ரேடியோ அக்காவுக்கும் நடுவுல ஒரே ஒரு நீலத் தார்ப்பாய்தான். அதை வீடுன்னு சொன்னா வீடு கோவிச்சுக்கும். ஒரு பழைய கிடங்குக்குள்ள கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, குடும்பத்துக்கு ஒரு தடுப்புன்னு பிரிச்சுக் குடுத்திருந்தாங்க. சண்டைக்குப் பயந்து ஓடி வந்த எங்க எல்லாருக்கும் அதான் மாளிகை.

ரேடியோன்னு பேரு வெச்சது நான் இல்லை, முகாமே வெச்சது. நிஜ ரேடியோவையாவது அணைக்கலாம், இந்த அம்மாவுக்கு அந்தத் திருகே கிடையாது. நான் என் புருஷனைத் திட்ட ஆரம்பிச்சா அந்தப் பக்கத்துலேருந்து தீர்ப்பு வரும். "இந்தத் தடவை தப்பு உன் மேலதான். அவரு தண்ணி வரிசைல நின்னதை நான் பார்த்தேன்." இவரு உடனே, "கேட்டியா, மேல்கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாரு. சொந்தப் புருஷனை நிம்மதியாத் திட்டக்கூட எனக்குக் குடுத்து வைக்கலை.

அப்பதான் நிவாரண நிறுவனம் கல்வீடு கட்டித் தரப் போகுதுன்னு சேதி வந்துச்சு. முகாம்ல இருக்கிற வரிசைப்படியே மனை. அதாவது, ரேடியோ அக்கா அங்கயும் பக்கத்து வீடு. எஞ்சினியர் தடுப்பு தடுப்பா வந்து உக்காந்து, வரைபடத்தை விரிச்சு, "உங்க வீடு, உங்க இஷ்டம். ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு நீங்களே சொல்லுங்க"ன்னாரு. அந்த நிறுவனத்துக்காரங்க எப்பவும் அப்படித்தான். ஒரு வாளி குடுக்கிறதுன்னாக்கூட என்ன கலர் வேணும்னு கூட்டம் போட்டுக் கேட்பாங்க.

நான் குரலைத் தாழ்த்தி ரகசியமா சொன்னேன். "ஜன்னலை எங்க வேணும்னாலும் வைங்க சார். ரேடியோ பக்கம் மட்டும் சுவர். இருக்கிறதுலயே தடிமனான சுவர்."

ரகசியமாம். தார்ப்பாயில முதுகைச் சாய்ச்சு உக்காந்துக்கிட்டு. அத்தனை வருஷம் அந்தத் தடுப்புல குடித்தனம் பண்ணினவளுக்கு இந்த அறிவு கூட இருக்க வேண்டாமா? இவரு தலைல கை வெச்சுக்கிட்டாரு. அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தை மெதுவா கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அதோட ரேடியோ நின்னு போச்சு.

எனக்கு முதல்ல சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கே இவரைப் பிடிச்சு வெச்சு ஆற அமரத் திட்டினேன். ஆனா பாதியில என்னை அறியாம நிறுத்திட்டேன், தீர்ப்பு வரும்னு. வரலை. இவரும் தார்ப்பாயையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "யாரு மேல தப்புன்னு தெரியாம எப்படிச் சாப்பிடுறது?"ன்னு கேட்டாரு. அந்தச் சண்டை முடியாமலே கெடந்துச்சு.

அதுக்கப்புறம் தண்ணி வரிசைல பார்த்தா அக்கா தலையைக் குனிஞ்சுப்பாங்க. நான் இருமினேன், கனைச்சேன். ஒண்ணும் நடக்கலை. ஒரு நாள் மத்தியானம் எஞ்சினியர் வந்தாரு. "அந்த அக்கா கடைசி வரிசை ஓரத்து மனையைக் கேட்டிருக்காங்க. நாளைக்குக் காலைல சுண்ணாம்புக் கோடு போட்டு முளை அடிச்சிடுவோம், அப்புறம் மாத்த முடியாது. உங்களுக்கும் அது வசதிதானே?"

அந்த ஓரத்துக்கு அந்தாண்ட வெறும் பொட்டல். பேச ஆள் கிடையாது. அக்காவுக்கு வீட்டுக்குள்ளயும் யாரும் கிடையாது. புருஷனையும் ரெண்டு பிள்ளைங்களையும் ஒரே நாள்ல பறிகுடுத்துட்டு ஒத்தையா வந்தவங்க.

நாங்க வந்தப்போ நான் எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? வர்ற வழியில எங்க மகளை மண்ணுல வெச்சுட்டு வந்தோம். எனக்குப் பேச்சே நின்னு போச்சு. டாக்டர் கேட்டாரு, இவரு கெஞ்சினாரு, வாய் திறக்கலை. அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒரு பொம்பளை மட்டும் விடிஞ்சதுலேருந்து பேசிக்கிட்டே கெடந்தாங்க. அரிசியில கல்லு, கிடங்குல எலி, அறுந்து போன செருப்பு வார். தாங்க முடியாம ஒரு நாள் கத்திட்டேன். "கொஞ்சம் வாயை மூடுங்களேன்." மகள் போனதுக்கப்புறம் நான் பேசின முதல் வார்த்தை அதான். இவரு குலுங்கி அழுதாரு. "அப்பாடா, பக்கத்துல ஆளு இருக்குடா சாமி"ன்னு அந்தப் பக்கத்துலேருந்து பதில் வந்துச்சு. வாயை மட்டும் மூடலை.

எஞ்சினியர் போனதும் அடுப்புல பருப்பைப் போட்டுட்டு, தார்ப்பாயை ஒட்டி உக்காந்து ஆரம்பிச்சேன். மன்னிப்புக் கேட்கிறதெல்லாம் எனக்கு வராது, அது முகாமுக்கே தெரியும். வந்ததைப் பேசினேன். இந்த மாசம் குடுத்த பருப்பு வேகவே மாட்டேங்குது அக்கா. எஞ்சினியர் வழுக்கையில முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் அக்கா. இவரு கால் வெடிப்புல என் புடவை மாட்டிக் கிழிஞ்சு போச்சு அக்கா. இவரு முதல்ல முறைச்சாரு, அப்புறம் புரிஞ்சு, காலை இழுத்து மூடிக்கிட்டாரு. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். நிறுத்தலை. எலியைப் பத்தி ரெண்டாவது தடவையா ஆரம்பிச்சேன்.

"வாயை மூடேன்டி கொஞ்சம்."

நான் தார்ப்பாயில காதை வெச்சேன்.

"அடுப்புல பருப்பு அடி பிடிக்குது. மூக்கு செத்துப் போச்சா உனக்கு? அந்த மனுஷன் எப்படித்தான் உன்கிட்ட காலம் தள்ளுறாரோ. தடிமனான சுவர் வேணுமாமே சுவர்."

மனையை மாத்த வேண்டாம்னு சொல்ல, இவரு செருப்பு கூடப் போடாம எஞ்சினியரைப் பிடிக்க ஓடினாரு. பருப்பு கருகுற வாசனை கிடங்கு பூரா பரவுச்சு. நான் எழுந்திருக்கலை. அக்கா இன்னும் திட்டி முடிக்கலை.