யார் சார்பாகச் சொன்னது

என் அக்கா கணவர் ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தாலே அது எதைத் தாங்குகிறது என்று சொல்லிவிடுவார். இதை அவரே சொல்லிக்கொள்வார். அவரிடம் ஆலோசனை கேட்ட ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் இருந்த சுவரை அவர் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. செல்போனில் வந்த வீடியோவைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "வெறும் தடுப்புச் சுவர்தான், தாராளமா எடுத்துடலாம்" என்று இடது கையால் மெயில் அனுப்பினார். எடுத்தார்கள். மாடித் தளம் இறங்கிவிட்டது.

யாரும் சாகவில்லை. கொத்தனாருக்குக் காது நல்ல காது. மேலே ஏதோ முறியும் சத்தம் கேட்டதும் சம்மட்டியைப் போட்டுவிட்டு ஆட்களோடு ஓடிவிட்டார். மாடியில் இருந்த குடும்பம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனது. கிளினிக்கில் நாற்காலிகள் இருந்த இடத்தில் இரும்பு முட்டுகள் நின்றன.

அத்தான் ஒரு பெரிய கட்டுமானக் கம்பெனியில் இன்ஜினியர். விடுமுறை நாட்களில் வெளியாட்களுக்குத் தனியாக ஆலோசனை சொல்வார். கம்பெனியில் அதற்கு அனுமதி கிடையாது. அனுமதி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் செய்கிறார்கள். அவர் அதைக் கன்சல்டிங் என்பார். அக்கா சைடு வேலை என்பாள்.

அந்தச் சைடு வேலைக்கு, சொன்ன ஆலோசனை தப்பாகி யாருக்காவது நஷ்டம் வந்தால் பணம் கொடுக்கிற ஓர் இன்சூரன்ஸ் எடுக்க வைத்தவளும் அக்காதான். அவள் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். சொன்ன வார்த்தைக்காகப் படித்தவர்கள் கோர்ட்டுக்கு இழுக்கப்படுவதைப் பார்த்திருக்கிறாள்.

"தப்பு பண்றவனுக்குத்தான் அதெல்லாம்" என்றார் அத்தான் அப்போது. "நான் சொல்லி எந்தக் கட்டடமாவது விழுந்திருக்கா?"

"விழுந்தப்புறம் எடுக்க முடியாதுங்க. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். எதில் போடுகிறோம் என்று படிக்கவில்லை. ஊருக்கெல்லாம் படித்துப் பார்த்துச் சொல்கிறவர் தன் காகிதத்தைப் படிக்க மாட்டார். அது கௌரவக் குறைச்சல்.

டாக்டரம்மா ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தோம். சோபாவின் நுனியில் உட்கார்ந்து அத்தானின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழில் அப்படி. அத்தானின் வாயும் நன்றாகத்தான் திறந்திருந்தது. கொத்தனார் அவசரப்பட்டிருக்கலாம், பழைய கட்டடம், மாடியில் பீரோவை எங்கே வைத்திருந்தார்களோ, மண்ணின் தன்மை என்று ஒன்று இருக்கிறது.

"சார், இன்சூரன்ஸ் இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றாள் அக்கா.

"அப்ப அவங்ககிட்டயே பேசிக்கிறேன்மா. இவர்கிட்ட பேசுறதுக்குச் சுவர்கிட்ட பேசலாம். அதையும் எடுக்கச் சொல்லிட்டாரு." எழுந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "அவங்க தரலேன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். இந்த வீடு சொந்தமா?"

"கடன்ல வாங்கினது. ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த 'நல்லது' அன்றைக்கு முழுவதும் அக்காவின் முகத்தில் இருந்தது.

மறுநாள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அக்காவே போன் போட்டு, அத்தானை உட்காரவைத்து, ஸ்பீக்கரில் வைத்தாள். பேசியது ஒரு பெண். அவசரமே இல்லாத குரல்.

"டாக்டர் அனுப்பின மெயிலைப் பார்த்தேன் சார். நீங்க யார் சார்பா இந்த ஆலோசனை சொன்னீங்க?"

"யார் சார்பா? நான்தான் சொன்னேன்."

"மெயில் உங்க ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கு சார். கீழே கம்பெனி பேரு, முத்திரை, உங்க பதவி எல்லாம் இருக்கு. 'எங்கள் நிறுவனத்தின் கருத்துப்படி'ன்னு எழுதியிருக்கீங்க."

அக்கா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அத்தான் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அவருடைய சொந்த மெயில் முகவரி காலேஜ் படிக்கும்போது ஆரம்பித்தது. அதன் பெயர் சிங்கக்குட்டி. சிங்கக்குட்டி சொன்னால் எந்த டாக்டர் சுவரை இடிப்பார்? புதிதாக ஒன்று ஆரம்பிக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் கம்பெனி பெயரைப் பார்த்ததும் எதிராளி 'சார்' என்பானே, அந்த சுகம் புதிய முகவரியில் கிடைக்காது. விடுமுறை நாளில் வீட்டில் கைலியோடு உட்கார்ந்துகொண்டு 'எங்கள் நிறுவனம்' என்று எழுதியிருக்கிறார்.

"நாங்க உங்க தனி வேலைக்குத்தான் பொறுப்பு சார். கம்பெனிக்காகச் செஞ்ச வேலைன்னா அதுக்கு கம்பெனியோட இன்சூரன்ஸ் இருக்கும்."

"அப்ப அதுல கேட்கலாமா?" என்றார் அத்தான், பிரகாசமாக.

"கம்பெனி இந்த வேலையை எடுத்துச்சா சார்?"

அத்தான் மறுபடியும் ஃபேனைப் பார்த்தார். இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்பார்கள். இவர் இரண்டு இலையிலும் கைகழுவியிருந்தார்.

"இது எங்க வேலை இல்ல, இவர் தனியா செஞ்சதுன்னு ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வாங்கிக் கொடுங்க. வந்தா மேல பார்க்கிறோம். வராம எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

போனை வைத்ததும் அத்தான் சிந்தித்தார். அவர் சிந்தித்தால் எனக்குப் பயம். இரவு ஷிஃப்ட் வேலை ஒன்றை விட்டுவிட்டு அவர்கள் வீட்டு முன்னறையில் நான் படுத்துக்கிடந்த காலம் அது.

"மச்சான், மெயிலை நீ அனுப்பினதா சொல்லிடலாமா? லேப்டாப்பைத் திறந்தே வச்சிருந்தேன், நீ தெரியாம என் பேர்ல அனுப்பிட்டே. உனக்கென்ன, போறதுக்கு வேலையா இருக்கு?"

"சுவரைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள் அக்கா.

"உங்க அளவுக்குத் தெரியும் அத்தான்" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில மேனேஜர்கிட்ட நீங்களே சொல்றீங்க. லெட்டர் வாங்கிட்டு வர்றீங்க."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். வேற வேலை தேடலாம். வீடு போனா எங்க தேடுறது? ஊர்ல இருக்கிற நோயாளிக்கெல்லாம் பில் போட்டு நான் கட்டுற கடன் இது. உங்க 'நிறுவனத்தின் கருத்து'க்காக என்னால தெருவுல நிக்க முடியாது."

"கேஸ் நடந்தா வருஷக்கணக்குல இழுக்கும். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என்னங்க? அந்தச் சுவர் தானா முளைச்சுடுமா?"

பிறகு என்னிடம் சொன்னாள். "நீ கூடப் போடா. தனியா விட்டா பாதி வழியில டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துடுவார். லெட்டர் கைக்கு வந்ததும் உன் பாக்கெட்ல வை."

அவர் ஆபீஸ் முழுக்கக் கண்ணாடி. கட்டடம் கட்டுகிறவர்கள் தங்களுக்கு மட்டும் சுவரே வைத்துக்கொள்வதில்லை. நான் வரவேற்பறையில் உட்கார்ந்தேன். மேனேஜர் அறைக் கதவு திறந்தே இருந்ததால் முதல் பாதி எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் திறந்து வைத்திருந்தார்.

"இத்தனை வருஷம் காப்பாத்தின பேரு! எவனோ ஒரு பல் டாக்டருக்காக! இந்த ஆபீஸ்ல வேற யாராவது சைடு வேலை பார்க்கிறாங்களா? நான் பார்க்கிறேனா?"

மேசைகளில் இருந்த தலைகள் கம்ப்யூட்டருக்குள் புகுந்துகொண்டன. ஒருவன் அவசரமாக எதையோ மூடினான். அப்புறம் மேனேஜர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

வெகுநேரம் கழித்து அத்தான் வெளியே வந்தார். ஒரு கையில் கடிதம், இன்னொரு கையில் அட்டைப் பெட்டி. பெட்டியில் டீ கோப்பை, ஒரு ஜோடி செருப்பு, ஏதோ போட்டியில் வாங்கிய கேடயம். கார் சாவியை வரவேற்பறையில் வைத்தார். கார் கம்பெனியுடையது. நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். இந்த வேலைக்கும் நிறுவனத்துக்கும் சம்பந்தமில்லை, இவர் தன்னிச்சையாகச் செய்தது, இன்று முதல் இவர் எங்கள் ஊழியர் அல்ல. எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அத்தானின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"கதவைச் சாத்தினதும் என்ன கேட்டார் தெரியுமா? 'இந்த இன்சூரன்ஸை எங்கப்பா எடுத்தே?' என்கிட்ட கேட்கிறார்! இத்தனை வருஷத்துல ஒரு தடவை என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நம்பர் கொடுத்தேன். எடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா படிச்சுப் பாருங்க சார்னு விளக்கமாச் சொன்னேன்."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவர் போன் அடித்தது. மேனேஜர்தான். பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டு, நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றார்.

"சொல்லுங்க சார்... இல்ல சார், ஏற்கெனவே விரிசல் விட்டதுக்குக் கொடுக்க மாட்டாங்க சார்... எந்த இடத்துல சார், தூண்லயா?... ஐயோ, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்... நான் இப்பவே வந்து பார்க்கட்டுமா? பக்கத்துலதான் நிக்கிறேன்... காசெல்லாம் வேண்டாம் சார், உங்களுக்குப் போய்..."

பஸ் வந்தது. நிறுத்தி வை என்று என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். காட்டிக்கொண்டே ஆபீஸ் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

பெட்டியை நிறுத்தத்து பெஞ்சின்மேல் வைத்தேன். கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.