பள்ளிவாசல் படியில் அறுத்த நூல்

மெஹ்ரிஸுக்கு இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதுமில்லை. அவன் தாய் மப்ரூக்காவுக்கு வேலை ஓடவில்லை, சோறு இறங்கவில்லை. மெத்னின் நகரத்திலிருந்து மாதம் ஒருமுறை ஊர் மருத்துவமனைக்கு வருகிற குழந்தை மருத்துவர் தவ்ஃபீக்கிடம் பிள்ளையைக் காட்ட வேண்டுமென்று கணவன் லஸ்ஹரை நச்சரித்தாள்.

லஸ்ஹர் கெட்டவன் இல்லை. அக்கா சொல்லைத் தட்டத் தெரியாதவன், அவ்வளவுதான். அந்த அக்கா மொஞ்சியாவோ வாயைத் திறந்தால் ஊசி.

"ஊர்ல வேற யாருக்கும் புள்ளையே பொறக்கல பாரு. உன் புருஷனும் இப்படித்தான் இடுப்பை விட்டு இறங்காம கெடந்தான். இப்ப ஆட்டுக்குப் பின்னால மலையேறல? முதல்ல நூலை அறுங்க. டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டாரு."

அந்த ஊர் வழக்கப்படி, நடக்கத் தாமதிக்கும் பிள்ளையின் கால் கட்டைவிரல்களை நூலால் பிணைத்து, மடியில் பேரீச்சம்பழத்தோடு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் உட்கார வைப்பார்கள். தொழுதுவிட்டு முதலில் வெளியே வருகிறவர் நூலை அறுத்து, ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போவார். அந்த வெள்ளிக்கிழமைதான் மருத்துவர் வரும் நாளும். நூலை அறுத்த கையோடு அவரிடம் தூக்கிப் போய்விடலாமென்று மப்ரூக்கா ஒத்துக்கொண்டாள்.

அன்று முதலில் வெளியே வந்தவர் மருத்துவரேதான். நோயாளிகள் காத்திருக்கிற அவசரம் அவருக்கு. குனிந்தார், நூலை அறுத்தார், பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை.

"அல்லா நாடினா நல்லா நடப்பான்மா," என்றார். அந்தப் படியில் யாரானாலும் அதைத்தான் சொல்வார்கள்.

மொஞ்சியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரே அறுத்துவிட்டார், டாக்டரே நடப்பானென்று சொல்லியும் விட்டார், இனி அவரிடமே போய் நின்று மானத்தை வாங்குவதா என்றாள். லஸ்ஹர் தலையாட்டினான். மப்ரூக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். பிறகு, என்னத்தைச் சொல்ல, அவளும் நம்பிவிட்டாள். நம்புவது அத்தனை சுகமாக இருந்தது.

வருஷத்துக்கொரு முறை வரும் ஆலிவ் பறிப்பு இரண்டு முறை வந்து போனது. மெஹ்ரிஸ் தவழ்ந்ததோடு சரி. வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவனுக்குப் பின்னால் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை முற்றத்தில் ஓடியதைப் பார்த்த அன்று, மப்ரூக்கா யாரையும் கேட்காமல் மகனைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போனாள்.

இந்த முறை அவர் நிதானமாகப் பார்த்தார். பிள்ளைக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தார், காலை மடக்கி நீட்டினார், கண்ணெதிரே பொம்மையை ஆட்டினார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"இத்தனை நாள் என்னம்மா பண்ணீங்க? ரெண்டு வயசுலயே கொண்டு வர வேணாமா?"

"கொண்டு வந்தேன் டாக்டர். பள்ளிவாசல் படிக்கு. நீங்கதான் நூலை அறுத்தீங்க. நடப்பான்னு சொன்னீங்க."

அவருக்கு நினைவில்லை. எத்தனையோ ஊர்ப் படிகளில் எத்தனையோ நூல் அறுத்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மெத்னின் பயிற்சி நிலையத்தில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள், இவனுக்கு இனி தூரத்து ஸ்ஃபாக்ஸ் நகரம்தான், அங்கே இடம் கிடைக்க வருஷக்கணக்காகும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மப்ரூக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கே இந்த ரூமுக்குத் தூக்கிட்டு வந்திருந்தா?"

அப்போதும் ஒன்றும் செய்திருக்க முடியாதென்று ஒரு பொய் சொன்னால் போதும், அவள் பிழைத்துக்கொள்வாள். அவருக்கும் அது தெரிந்தது. அவளிடம் இன்னொரு பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"நிக்க வச்சிருக்கலாம்மா," என்றார். "அம்மான்னு கூப்பிடவாவது வச்சிருக்கலாம்."